ஏரி ஒன்று, ஹைகோர்ட்டு இரண்டு

பொன்னேரியில் வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினார். "சார், ஏரி ஒண்ணுதான். ஹைகோர்ட்டு மட்டும் ஏன் சார் ரெண்டு?" பதில் எழுத உட்கார்ந்தேன், அது வாட்ஸ்அப்பில் அடங்கவில்லை. அதனால் இங்கே போடுகிறேன். நான் வரலாறு நடத்தியவன், சட்டம் படித்தவனில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. பதிவு நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள், மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபமில்லை.

வெளியூர் நண்பர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரி இந்தியாவின் பெரிய உப்பங்கழிகளில் ஒன்று. சிலிகாவுக்கு அடுத்தது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தெற்குக் கோடியும் பழவேற்காட்டு முகத்துவாரமும் தமிழ்நாட்டில். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். இரண்டு பக்கமும் மீனவக் குப்பங்கள். அந்தப் பக்கத்துக் குப்பங்களிலும் தமிழ் பேசுபவர்கள் நிறைய. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் உண்டு. தண்ணீருக்கு நடுவில் ஒரு மாநில எல்லை போகிறது. இறாலுக்கு அது தெரியாது. பனி மூட்டத்தில் படகு விடுகிறவருக்கும் பல நேரம் தெரியாது.

ஏரியில் தகராறு புதிதல்ல. அதைத் தீர்க்க மீனவர்களே ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறை வைத்து, சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். தலைக்கட்டு உள்ளவருக்குப் பங்கு. மீறினால் அபராதம். ஒரு குப்பத்துப் பஞ்சாயத்தில் தீராத வழக்கு, அக்கம்பக்கத்துக் குப்பங்களின் தலைவர்கள் சேர்ந்து உட்காரும் பெரிய பஞ்சாயத்துக்குப் போகும். யோசித்துப் பார்த்தால் அதுவும் மேல்முறையீடுதான். வெற்றிலைபாக்கு வைத்து நடக்கும் மேல்முறையீடு. ஆனால் அதை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பாடு உரிமை இல்லாத சாதியினரும், பக்கத்து ஊர்க்காரரும் "எங்களுக்கும் பங்கு கொடு" என்று கேட்டபோது, கொடுக்க மறுத்ததும் அதே பஞ்சாயத்துதான். உள்ளே இருப்பவரே தீர்ப்புச் சொன்னால் வெளியே இருப்பவர் எங்கே போவார்? அவருக்குத்தான் தூரத்து நீதிமன்றம் தேவைப்படுகிறது. எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

டச்சுக்காரர்கள் காலத்தில் அந்தத் தூரம் கடல் கடந்தது. 1613-இல் இங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரைக்கே தலைமையிடம் பழவேற்காடுதான். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. கம்பெனி ஆட்களின் வழக்குகளில் இங்கே சொன்ன தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேலே போக வேண்டிய இடம் பட்டாவியா, இன்றைய ஜகார்த்தா. பருவக்காற்று பார்த்துக் கப்பல் ஏறவேண்டும். பதில் வர அடுத்த காற்று வரை காத்திருக்க வேண்டும். நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கும் டச்சுக்காரர்களில் தீர்ப்பு வருவதற்குள் போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேரோ.

1824 உடன்படிக்கைப்படி பழவேற்காடு ஆங்கிலேயரிடம் நிரந்தரமாக வந்தது. அதற்கு முன்பே சென்னை மாகாணத்தில் அவர்கள் ஒரு பெரிய நீதி ஏற்பாட்டைச் செய்து முடித்திருந்தார்கள். 1802-இல் ஜில்லா கோர்ட்டுகளுக்கு மேலே நான்கு மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றங்களை வைத்தார்கள். வடக்குப் பிரிவுக்கு மசூலிப்பட்டினம், நடுப் பிரிவுக்குச் சித்தூர், தெற்குப் பிரிவுக்குத் திருச்சிராப்பள்ளி, மேற்குப் பிரிவுக்குத் தலைச்சேரி. ஒவ்வொன்றிலும் மூன்று நீதிபதிகள். அவர்களே சுற்றுப்பயணம் போய்க் குற்ற வழக்குகளையும் விசாரிப்பார்கள். இவற்றுக்கும் மேலே சென்னையில் சதர் அதாலத். இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். மொழி பார்த்து வரைந்த வட்டங்கள் அல்ல இவை. வழக்காளி நடந்து போகும் தூரத்தை ஓரளவாவது பார்த்துப் பிரித்தவை. மேல்முறையீட்டு நீதிமன்றம் தலைநகரில் மட்டும்தான் இருக்கவேண்டும் என்று 1802-இல் வெள்ளைக்காரனே நினைக்கவில்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டில் வழக்குகள் தேங்கின. 1814-இல் மன்றோ தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். அவர் சொன்ன யோசனை, மேலே நீதிபதிகளைக் கூட்டுவதைவிடக் கீழே நம் ஆட்களை உட்கார வைப்பது. 1816 ஒழுங்குமுறைகளில் கிராம முன்சீப்பும் ஜில்லா முன்சீப்பும் அப்படி வந்தார்கள். இன்று நம் தாலுகா ஊர்களில் இருக்கும் முன்சீப் கோர்ட்டுக்கு அவர்தான் பாட்டனார். கீழே கோர்ட்டு பெருகியதும் நடுவில் இருந்த மாகாண நீதிமன்றங்கள் செலவு, தாமதம் என்று பேச்சு வாங்கின. 1843-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். அத்தோடு மேல்முறையீடு முழுவதும் சென்னைப் பட்டினத்தில் குவிந்தது.

1862-இல் சதர் அதாலத்தையும், 1801 முதல் பட்டினத்துக்கென்று இருந்த சுப்ரீம் கோர்ட்டையும் ஒன்றாக்கி உயர் நீதிமன்றம் அமைத்தார்கள். ஆகஸ்ட் 15-இல் வேலை தொடங்கியது. ஒரு தலைமை நீதிபதியும் அதிகம் போனால் 15 நீதிபதிகளும் இருக்கலாம் என்றது சட்டம். தொடக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. அவர்களுடைய எல்லை மட்டும் ஒரிசா ஓரத்திலிருந்து திருநெல்வேலி வரை, மலபாரும் சேர்த்து.

அந்த உயர் நீதிமன்றத்தை நம் பக்கத்துக் கடலோடிகள் முதலில் அறிந்தது கோர்ட்டாக அல்ல, விளக்காக. 1892-இல் திறந்த சிவப்புக் கட்டடத்தின் உயரமான கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. பிறகுதான் மெரினாவுக்குப் புது விளக்கம் வந்தது. தெற்கே தொழிலுக்குப் போனவர்கள் அதைப் பார்த்துக் கரை பிடித்திருக்கிறார்கள். அதே கட்டடத்துக்குள் போய் ஒரு வழக்கு நடத்துவது அவர்களில் எத்தனை பேருக்கு வாய்த்தது என்பது வேறு விஷயம். அங்கேயும் முடிவு கிடையாது, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போகலாம். 1949 வரை அந்தக் கதவு திறந்திருந்தது. பணமுள்ள ஜமீன்தார்கள் போனார்கள். வலை கட்டுகிறவர் யாரும் போனதாக நான் படித்ததில்லை.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். அந்தக் காலம் முழுவதும் ஏரிக்கு ஒரே ஹைகோர்ட்டுதான் இருந்தது. சூலூர்பேட்டை வழக்கும் பொன்னேரி வழக்கும் மேலே போனால் ஒரே படிக்கட்டில்தான் ஏறின.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. தலைநகரம் கர்னூல். உடனே ஹைகோர்ட்டு அமைக்க முடியாமல் சில மாதங்கள் சென்னையே பார்த்துக்கொண்டது. 1954 ஜூலையில் குண்டூரில் ஆந்திர உயர் நீதிமன்றம் தொடங்கியது. கோகா சுப்பாராவ் முதல் தலைமை நீதிபதி. 1956-இல் மாநிலம் பெரிதானதும் ஹைதராபாத்துக்குப் போனது. 1960 ஏப்ரல் 1-இல் எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாம் திருத்தணியைப் பெற்றோம், பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சில கிராமங்களைக் கொடுத்தோம். திருத்தணிக்காக நடந்த போராட்டம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது, மேடைகளில் பேசுகிறார்கள். போன கிராமங்களைப் பற்றிப் பேச ஆளில்லை. 2019 ஜனவரி 1-இல் ஆந்திராவுக்கு மறுபடியும் தனி ஹைகோர்ட்டு வந்தது, இந்தத் தடவை அமராவதியில். அடுத்த ஆண்டே அதைக் கர்னூலுக்கு மாற்றப் பேச்சு எழுந்தது. ராயலசீமைக்குத் தலைநகரமோ ஹைகோர்ட்டோ தரவேண்டும் என்பது 1937 ஸ்ரீபாக் ஒப்பந்தத்திலிருந்து வரும் பழைய கணக்கு.

சூலூர்பேட்டைக்காரர் நிலையிலிருந்து பாருங்கள். சென்னை அவருக்கு எண்பது கிலோமீட்டர், புறநகர் ரயிலே போகிறது. ஆஸ்பத்திரிக்கும் துணிக்கடைக்கும் சென்னைதான் வருகிறார். மேல்முறையீட்டுக்கு மட்டும் முதலில் குண்டூர், பிறகு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஹைதராபாத், இப்போது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அமராவதி. அறுபத்தைந்து வருடத்தில் அவர் வீடு மாறவில்லை, கோர்ட்டு மூன்று ஊர் மாறிவிட்டது. இதில் வேடிக்கை, கோதாவரி முகத்தில் ஆந்திராவுக்கு நடுவே கிடக்கும் ஏனாம் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால், 1962 நவம்பரிலிருந்து ஏனாம் மீனவருக்கு மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறவர் நம் பாரிமுனைக்கு வரவேண்டும். எண்பது கிலோமீட்டரில் இருக்கிறவர் வரக்கூடாது. இப்படி ஒரு வரைபடத்தை என் எட்டாம் வகுப்புப் பையன் வரைந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மாநிலங்களுக்குப் பொதுவாக ஒரே ஹைகோர்ட்டு இருக்க முடியாது என்றும் இல்லை. அரசியல் சாசனத்தின் 231-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் சண்டிகரில் ஒரே ஹைகோர்ட்டு. அசாமுக்கும் நாகாலாந்துக்கும் மிசோரமுக்கும் அருணாசலத்துக்கும் குவாஹாத்தி. நமக்கும் ஆந்திராவுக்கும் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஒரு மொழி மக்கள் தங்களுக்கென ஹைகோர்ட்டு கேட்டதில் தவறில்லை. நான் சொல்வது, கோடு போட்டவர்கள் ஏரியை மறந்துவிட்டார்கள் என்பதுதான்.

மறந்ததால் என்ன ஆகிறது? சில வருடத்துக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு மீனவத் தம்பியின் வலையை எதிர்க்கரை ஆட்கள் அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். "எங்க எல்லைக்குள்ள வந்துட்டே" என்றார்கள். "நான் நம்ம தண்ணியிலதான் நின்னேன்" என்றார் இவர். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி, கிழிந்த வலை திரும்ப வந்தது, நஷ்டத்துக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. "கேஸ் போடலாமா ஐயா?" என்று கேட்டார். விசாரித்தேன். சம்பவம் நடந்த இடத்துக் கோர்ட்டில் போடலாம், அல்லது எதிராளி வசிக்கும் இடத்தில் போடலாம். நடந்த இடம் எது என்பதுதானே தகராறே! பொன்னேரியில் போட்டால், "இது ஆந்திரத் தண்ணீர், இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை" என்ற வாதத்திலேயே சில வருடம் ஓடும். சூலூர்பேட்டையில் போட்டால் கோர்ட்டு நடப்பது தெலுங்கில், மேல்முறையீடு அமராவதியில். சரி, அங்கே போட்ட வழக்கைப் பொன்னேரிக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்கலாமா? சிவில் நடைமுறைச் சட்டம் 25-ஆம் பிரிவுப்படி ஒரு மாநிலத்துக் கோர்ட்டிலிருந்து வேறு மாநிலத்துக்கு வழக்கை மாற்ற உச்ச நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். ஒரு கிழிந்த வலைக்காக டெல்லி! ரிட் மனுவில் கொஞ்சம் வழி இருக்கிறது. 1963-இல் செய்த திருத்தத்தால், வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி தன் எல்லைக்குள் நடந்திருந்தாலே ஹைகோர்ட்டு வெளி மாநில அதிகாரிக்கும் உத்தரவிடலாம். அங்கேயும் 'எங்கே நடந்தது' என்ற கேள்வி வந்து நிற்கிறது. எல்லையையே தீர்க்கவேண்டும் என்றால் அது இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு. அதை விசாரிக்கும் அதிகாரம் 131-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்.

அந்தத் தம்பி வலையைத் தைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏரி முழுவதையும் ஒன்றாகப் பார்த்த பெரிய தீர்ப்பு ஒன்று உண்டு, அதுவும் டெல்லியிலிருந்துதான் வந்தது. இறால் பண்ணைகளுக்கு எதிராக சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கு. 1994-இல் நேராக உச்ச நீதிமன்றத்தில் போட்டார். கீழத் தஞ்சைக் கடற்கரையில் தொடங்கிய போராட்டம் என்றாலும், பண்ணைகள் பல மாநிலக் கரைகளில் இருந்தன. எந்த ஒரு ஹைகோர்ட்டுக்கும் அவ்வளவு நீளமான கை இல்லை. 1996 டிசம்பர் 11-இல் வந்த தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஏரிகளைப் பெயர் சொல்லி, அவற்றைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது. பிறகு மறுஆய்வு மனுக்கள், 2005-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த கடலோர மீன்வளர்ப்புச் சட்டம் என்று தீர்ப்பின் பல் கழன்றுபோனது தனிக்கதை. ஆனால் டெல்லி வரை போய் வழக்கு நடத்த ஜெகந்நாதன் போன்ற ஒருவர் தேவைப்பட்டார். அவர் எல்லா ஊரிலும் பிறப்பதில்லை.

இன்று இரண்டு கரைக்கும் பொதுவாகப் பக்கத்தில் இருப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஒன்றுதான். சென்னையில் உட்காருகிறது, தமிழ்நாடும் ஆந்திராவும் அதன் எல்லைக்குள் வருகின்றன. கழிவு, மண் அள்ளுதல், துறைமுகம் என்று சுற்றுச்சூழல் வழக்கானால் அங்கே போகலாம். வலை அறுந்ததற்குப் போக முடியாது. அதன் தீர்ப்பின் மேல் மேல்முறையீடு? தொண்ணூறு நாளுக்குள் உச்ச நீதிமன்றம்.

ஆக, எங்கே சுற்றினாலும் டெல்லி. பொன்னேரி ஸ்டேஷன் வழியாகத்தான் டெல்லி போகும் ரயில் போகிறது. நிற்பதில்லை.

1950-இல் உச்ச நீதிமன்றம் தொடங்கியபோது தலைமை நீதிபதியோடு சேர்த்து 8 பேர். 1956-இல் 11, 1960-இல் 14, 1977-இல் 18, 1986-இல் 26, 2009-இல் 31, 2019-இல் 34. ஒவ்வொரு தடவையும் சொன்ன காரணம் ஒன்றே: வழக்கு தேங்கிவிட்டது. 34 ஆன பிறகும் 2024-இல் எண்பதாயிரத்துக்கு மேல் நிலுவை. நாற்காலி கூடிக்கொண்டே போகிறது, எல்லா நாற்காலியும் ஒரே கட்டடத்தில். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் 1869 முதல் ஒன்பது பேர்தான். அவர்களால் முடிவதற்குக் காரணம், அவர்களுக்குக் கீழே வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 1891 முதல் சுமையைத் தாங்குகின்றன. பெரும்பாலான வட்டங்களில் பல மாநிலங்கள். ஒரு வட்டம் மிகப் பெரிதானால் பிரிக்கிறார்கள். 1981-இல் ஐந்தாம் வட்டத்திலிருந்து அலபாமா, ஜார்ஜியா, புளோரிடாவைப் பிரித்துப் பதினோராம் வட்டம் ஆக்கினார்கள். பல மாநிலங்களுக்கு நடுவே ஓர் ஆறு ஓடினாலும் பொதுவாக ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்க வாய்ப்புண்டு. நாம் 1802-இல் வைத்திருந்த மசூலிப்பட்டினம், சித்தூர் ஏற்பாட்டுக்கு அவர்களுடையது தூரத்துச் சொந்தம் போல் எனக்குத் தோன்றும்.

நம் சாசனத்திலும் வழி இருக்கிறது. 130-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு தலைமை நீதிபதி தீர்மானிக்கும் வேறு இடங்களிலும் உச்ச நீதிமன்றம் உட்காரலாம் என்கிறது. 2009 ஆகஸ்டில், நம் தேவகோட்டைக்காரர் நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தலைமையிலிருந்த சட்ட ஆணையம் தன் 229-ஆவது அறிக்கையில் தெளிவாகச் சொன்னது: அரசியல் சாசன அமர்வு டெல்லியில் இருக்கட்டும், சாதாரண மேல்முறையீடுகளுக்கு டெல்லி, சென்னை அல்லது ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை என நான்கு அமர்வுகள் வையுங்கள் என்று. 2010-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழுக்கூட்டம் அதை ஏற்கவில்லை. தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டும் என்று சென்னை வழக்கறிஞர் ஒருவர் போட்ட வழக்கு 2016 ஜூலையில் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

நாட்டுக்கு ஒரே குரலில் சட்டம் சொல்ல ஓரிடத்தில் ஒரு நீதிமன்றம் வேண்டும் என்பது எதிர்த்தரப்பு வாதம். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் டெல்லியிலேயே அவர்கள் இரண்டு மூன்று பேராகப் பிரிந்துதான் தினமும் உட்காருகிறார்கள். இப்போதும் ஒரே குரலா என்று வக்கீல்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். காணொளி விசாரணை வந்துவிட்டதே என்பார்கள். வந்தது நல்லதுதான். ஆனாலும் அங்கே மனு போட, கோர்ட்டிலிருந்து பதினாறு கிலோமீட்டருக்குள் அலுவலகம் வைத்திருக்கும் பதிவு பெற்ற வக்கீல் ஒருவரைப் பிடிக்கவேண்டும். டெல்லிக்குப் பக்கத்து ஹைகோர்ட்டுகளின் தீர்ப்புகள் மேலே போகும் அளவுக்குச் சென்னைத் தீர்ப்புகள் போவதில்லை என்று ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். சென்னைத் தீர்ப்புகளில் எல்லாரும் திருப்தியடைந்துவிட்டார்கள் என்றா அதற்கு அர்த்தம்?

மதுரையைப் பாருங்கள். கிளை வேண்டும் என்று எத்தனை வருடம் கேட்டார்கள், சென்னை வக்கீல்களில் ஒரு பகுதியினர் எத்தனை வருடம் எதிர்த்தார்கள். 2004 ஜூலை 24-இல் கிளை வந்தது. கன்னியாகுமரிக்காரர் ராத்திரி ரயில் பிடித்துச் சென்னைக்கு வந்து, "அடுத்த வாரம் வா" என்று கேட்டுத் திரும்பிப் போன காலம் முடிந்தது. உயர் நீதிமன்றம் ஒன்றும் உடைந்துபோகவில்லை. இன்று அனுமதிக்கப்பட்ட 75 நீதிபதிகள், இரண்டு இடம், ஒரே நீதிமன்றம். சென்னையில் உச்ச நீதிமன்றத்துக்கு ஓர் அமர்வு இருந்தால், தமிழ்நாட்டு வழக்கும் ஆந்திர வழக்கும் அங்கே சேர்ந்து வரும். 1954-க்குப் பிறகு முதல் தடவையாக ஏரியின் இரண்டு கரைக்கும் பக்கத்திலேயே ஒரு பொது மேல்முறையீட்டு இடம் இருக்கும். வழக்கை மாற்றும் மனுவுக்குப் புறநகர் ரயிலில் போய் வரலாம். கேட்பது அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிவதற்கு முன் நம் பக்கத்து வழக்குகள் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டுக்குப் போயின. பாடு, வலை, எல்லை சம்பந்தமான பழைய கோர்ட்டுக் காகிதங்கள் குப்பங்களில் சிலர் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயரை வெளியிட மாட்டேன். சூலூர்பேட்டை, தடா பக்கத்து நண்பர்களும் அனுப்பலாம். தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிப்பேன், புரியாத இடத்தில் என் சம்பந்தி இருக்கிறார்.